வேங்கடத்துக் கட்டுச்சோறு

அடுக்களைக்குள் நுழையவே மனமில்லை என்று சொல்லுவோர் தொகை நம்மிடையே நாளுக்கு நாள் பெருகி வருகிறது. பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வெளியிடங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இதனை மிகுதியாகக் காண்கிறோம். கணவனும் மனைவியும் ஒருங்கே வேலைக்குச் செல்லும் இல்லங்களிலும், தனியே அறையெடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்களிடத்தும், பிள்ளைகள் தொலைவில் இருக்க இருவராய் முதுமையைக் கழிக்கும் பெரியோர்களிடத்தும் இக்குறை ஒன்றுபோலவே ஒலிக்கிறது. சோம்பல் என்று ஒரே சொல்லில் இதைத் தள்ளிவிடுவோர் உண்டு. அது முறையன்று என்பது நம் கருத்து. சமையலின் சுமையைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்னும் எண்ணம் நேற்று முளைத்ததன்று. நம் மரபுக்குள்ளேயே நெடுங்காலமாக வேரூன்றி நிற்பது. அதன் வரலாற்றை அறிய வேங்கட மலையை நோக்கினால் போதும்.

தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடவெல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் குறிப்பது இம்மலையைத்தான். எல்லை என்பது பிரிக்கும் இடம் மட்டுமன்று, கலக்கும் இடமுமாகும். வட ஆர்க்காட்டைச் சார்ந்திருந்த சித்தூரும் திருப்பதியும் 1911-ஆம் ஆண்டில் புதிய சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்தன. 1953-இல் ஆந்திர மாநிலம் தோன்றியபோது அம்மாவட்டம் அதனோடு சென்றது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் இவ்வாறு பலமுறை மாறினும் அடுப்பில் ஏறிய பானை மாறவில்லை. நாம் புளியோதரை என்பதைத் தெலுங்கு பேசுவோர் புளிஹோர என்பர். நாம் களி என்பதை அவர்கள் சங்கடி என்பர். பெயர் இரண்டாயினும் பசி ஒன்றே; அப்பசியை ஆற்றும் வழியும் ஒன்றே.

திருப்பதி என்றவுடன் உலகம் லட்டை நினைக்கிறது. ஆயின் அம்மலையின் உணவு வரலாறு லட்டினும் மிகப் பழையது. திருமலைக் கோயிலின் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழிலேயே அமைந்தவை. சாமவை என்னும் பல்லவ குலப் பெண்மணி வெள்ளித் திருமேனி ஒன்றை வழங்கி, விழாக்களுக்கு நிவந்தம் வைத்த செய்தியைக் கூறும் கல்வெட்டு பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என அறிஞர் பலர் கொள்வர். விசயநகரப் பேரரசின் காலத்துக்கு வரும்போது, கல்வெட்டுகள் ஏறத்தாழ ஒரு மடைப்பள்ளியின் கணக்கேடாகவே மாறிவிடுகின்றன. இறைவனுக்குப் படைக்கும் சோற்றைத் திருப்போனகம் என்று அவை குறிக்கும். அரிசி, நெய், பாசிப்பயறு, மிளகு, உப்பு, தயிர், வெல்லம் ஆகியவை அளவோடு எழுதப்பட்டுள்ளன. அப்பப்படி, அதிரசப்படி, வடைப்படி, தோசைப்படி, சுகியன்படி, மனோகரப்படி என்று பணியாரங்களும் நிரல்படக் காணப்படுகின்றன. மிளகாய் போர்த்துக்கீசியரின் கப்பல்களோடு பதினாறாம் நூற்றாண்டில் இந்நாட்டுக்கு வந்த பொருள். அதற்கு முன் உறைப்பு என்றால் மிளகுதான் என்பதை இக்கணக்குகள் நினைவூட்டுகின்றன.

இக்கல்வெட்டுகளில் நம் பொருளுக்கு இன்றியமையாத சொற்றொடர் ஒன்று உண்டு. 'விட்டவன் விழுக்காடு' என்பது அது. கோயிலுக்கு நிலமோ பொன்னோ விட்டவன், தன் நிவந்தத்தால் ஆக்கப்பட்ட பிரசாதத்தில் நான்கில் ஒரு பங்கைப் பெறுவான். தன் தேவைக்கு மிஞ்சியதை மலையேறி வந்த யாத்திரிகர்க்குக் கொடுப்பதும் விற்பதும் வழக்கமாயின. பதினைந்தாம் நூற்றாண்டில் சாளுவ நரசிம்மன் காலத்தில் திருமலையிலும் திருப்பதியிலும் இராமானுசகூடங்கள் எழுந்தன. கந்தாடை இராமானுச ஐயங்கார் அவற்றை நடத்தி, வந்தோர்க்கு உணவளிக்க ஏற்பாடு செய்தார். தொலைவிலிருந்து கால்நடையாய் வந்தவர்கள் கல் மூன்று கூட்டி அடுப்பு மூட்ட வேண்டிய தேவை இதனால் குறைந்தது. ஓரிடத்தில் மூட்டிய தீயால் பல குடும்பங்களின் அடுப்புகள் ஓய்வு பெற்றன. சமையற்சுமையைக் குறைக்க நம் முன்னோர் கண்ட முதல் வழி இதுவே எனலாம்.

எளிமையைப் பற்றி அம்மலை கற்பிக்கும் பாடம் இன்னொன்றும் உண்டு. எத்தனையோ வகைச் சித்திரான்னங்களும் பணியாரங்களும் நாள்தோறும் ஆக்கப்படும் கோயில் அது. எனினும் குலசேகரன் படியைக் கடந்து இறைவனின் திருமுன் செல்வது, புதிய மண்பாண்டத்தின் ஓட்டில் வைத்த தயிர்சோறு மட்டுமே என்பது மரபு. மண் வனையும் குயவர் ஒருவரின் பக்தியோடு இணைத்து இதற்குக் கதை சொல்லுவர். பொன்னும் மணியும் குவியும் சந்நிதியில் மிக நெருங்கிய இடத்தைப் பெற்றது, ஒரே பாண்டத்தில் கையால் பிசைந்த சோறு! எளிய உணவு தாழ்ந்த உணவன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி யாத்திரிகரின் மூட்டையை அவிழ்த்துப் பார்ப்போம். 1944-ஆம் ஆண்டில் மலைப்பாதை வண்டிகளுக்குத் திறக்கப்படும் வரை, நடந்தோ டோலியில் அமர்ந்தோதான் திருமலைக்கு ஏற வேண்டும். அலிபிரியிலிருந்து செல்லும் பாதை ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர். படிகள் மூவாயிரத்தைந்நூறுக்கு மேல். அதற்கு முன்னரே பல நாள் நடந்தோ மாட்டு வண்டியில் வந்தோ களைத்த உடம்பு அது. அவ்வழிக்கெல்லாம் துணையாய் வந்தது கட்டுச்சோறு. வழியில் சமைக்க இயலாது. சமைத்ததைக் கெடவும் விடலாகாது. இவ்விரு நெருக்கடிக்கும் நடுவே பிறந்ததே புளியோதரையின் அறிவு. புளியின் புளிப்பும், உப்பின் காரமும், நல்லெண்ணெயின் காப்பும் ஒன்றுசேர்ந்து சோற்றை ஒரு பகற்பொழுதுக்குக் காத்து நின்றன. தயிர்சோற்றுக்கும் ஒரு நுட்பம் இருந்தது. குழைந்த சோறு வெதுவெதுப்பாக இருக்கும்போது காய்ச்சிய பாலை நிறைய ஊற்றிப் பிசைந்து, ஒரு கரண்டித் தயிரை மட்டும் சேர்ப்பர். புறப்படும்போது பாற்சோறாக இருப்பது, உண்ணும் வேளையில் புளிக்காத தயிர்சோறாகிவிடும். காலத்தையே சமையற்காரனாக வைத்து வேலை வாங்கிய மதிநுட்பம் இது.

மலையை விட்டிறங்கிச் சித்தூர்ப் பக்கத்து வயல்வெளிக்குச் சென்றால் அங்கே கேழ்வரகுச் சங்கடியைக் காண்கிறோம். அரிசி நொய்யை வேகவிட்டு, அதிலேயே கேழ்வரகு மாவைத் தூவிக் கிண்டி, உருண்டையாக உருட்டி, வேர்க்கடலைத் துவையலோடும் கீரைக் கடைசலோடும் உண்பது அந்நாட்டு உழவர் வழக்கம். ஒரு பானை, ஒரு துடுப்பு, ஒரு துவையல், வேலை அவ்வளவே. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து அரிசியினும் பன்மடங்கு மிகுதி என்று இன்றைய உணவு நூலார் கூறுவர். பகல் முழுதும் கழனியில் நின்றவளுக்கு மாலையில் நான்கு கறி சமைக்க நேரமில்லை. அந்த நேரமின்மையே இவ்வுணவை வகுத்தது.

இதுவரை கூறியவற்றைப் படித்துவிட்டுப் பண்டைக்காலம் இனிய காலம் என்று மட்டும் முடிவு கட்டிவிடலாகாது. வரலாற்றின் மறுபக்கத்தையும் நாம் நேர்மையோடு பார்த்தல் வேண்டும். படியில் அமர்ந்து கட்டுச்சோற்றைச் சுவைத்தவர்க்கு அது எளிய உணவு. ஆனால் கோழி கூவுமுன் எழுந்து புளி கரைத்து, வெந்தயமும் மல்லியும் வறுத்து, அவற்றை உரலில் இடித்தவள் யார்? சங்கடிக்கு வேண்டிய கேழ்வரகைத் திரிகையில் அரைத்தவள் யார்? மறுநாள் தோசைக்காக ஆட்டுக்கல்லின் குழவியை ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்றியவள் யார்? உண்போர்க்கு எளிமையாய் இருந்தது, ஆக்குவோர்க்கு எளிமையாய் இருக்கவில்லை. ஒருவர் தோளிலிருந்து சுமையை இறக்கி இன்னொருவர் தோளில் ஏற்றுவது எளிமையாகாது; சுமையே குறைவதுதான் எளிமை. அடுக்களையை வெறுப்பதாகச் சொல்லும் பெண்மக்களின் குரலில், சொல்லாமலே சென்ற பல தலைமுறைத் தாய்மாரின் அயர்வும் கலந்திருக்கிறது என்பதை நாம் மறத்தலாகாது.

அச்சுமை உண்மையிலேயே குறையத் தொடங்கியது சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். 1951-இல் எஸ். மீனாட்சி அம்மாள் எழுதிய 'சமைத்துப் பார்' வெளிவந்தது. மணமாகிச் சென்ற பெண்கள் செய்முறை கேட்டு எழுதிய கடிதங்களே அந்நூலுக்குத் தூண்டுகோல். அருகில் மாமியோ பாட்டியோ இல்லாதவர்க்கு ஒரு நூல் துணையாக நின்றது. நம்மைப் போல் ஊர் விட்டு வந்தோர்க்கு அது எத்தகைய உதவி என்பதை விளக்க வேண்டுவதில்லை. 1955-இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி மின்சாரத்தால் சுழலும் மாவரைக்கும் கிரைண்டரை உருவாக்கினார். ஆவியின் அழுத்தத்தால் விரைந்து வேகவைக்கும் கலத்தை 1679-இலேயே தெனி பாப்பன் என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்டிருந்தார். பிரஷர் குக்கர் நம் நாட்டில் தொழிலாக வேரூன்றியது 1959 அளவில்தான். 1963-இல் சுமீத் மிக்சி வந்து அம்மியையும் உரலையும் ஓரங்கட்டத் தொடங்கியது. 2011-ஆம் ஆண்டில் தமிழக அரசு மிக்சியையும் கிரைண்டரையும் விலையின்றி வழங்க முற்பட்டபோது, ஆட்டுக்கல்லிலிருந்து விடுதலை என்பது வசதியுள்ளோர்க்கு மட்டும் உரியதன்று என்னும் கொள்கை நிலைபெற்றது.

வேங்கடமும் இம்மாறுதலுக்கு விலக்காக நிற்கவில்லை. 1985-இல் நித்திய அன்னதானத் திட்டம் அங்கே தொடங்கியது. 2002-இல் கதிரவனின் வெப்பத்தால் நீராவி உண்டாக்கிச் சமைக்கும் அமைப்பு நிறுவப்பட்டது. 106 கண்ணாடித் தட்டுகள் ஞாயிற்றை நோக்கித் திரும்பி, நாளொன்றுக்குப் பதினைந்தாயிரம் பேருக்கு உணவாக்கும் அளவில் அது திட்டமிடப்பட்டது. 2011-இல் திறக்கப்பட்ட பெரிய அன்னப்பிரசாத மண்டபத்துக்கு, பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பெண்பாற் புலவரான தரிகொண்ட வெங்கமாம்பாவின் பெயர் சூட்டப்பட்டது. யாத்திரிகர்க்கு அன்னமிட்டவர் என்று போற்றப்படுபவர் அவர். இராமானுசகூடத்தின் பழைய கருத்தே நீராவியோடு சேர்ந்து புது வடிவம் பெற்றது.

இவ்வரலாறு நமக்குச் சொல்லும் நடைமுறை யாது? அன்றாடம் சமைப்பதை விடுத்து, ஒரு நாள் உழைத்துப் பல நாள் உண்ணும் கட்டுச்சோற்று முறையை நாமும் கைக்கொள்ளலாம். விடுமுறை நாளில் நூறு கிராம் புளியை வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்துக்கொள்க. நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, வேர்க்கடலை, மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, மஞ்சளும் உப்பும் இட்டு, கரைசலை ஊற்றி, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை கொதிக்கவிடுக. இறுதியில் வறுத்துப் பொடித்த வெந்தயமும் மல்லியும் தூவி இறக்கினால் புளிக்காய்ச்சல் ஆயிற்று. ஈரக்கரண்டி படாமல் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் பல வாரம் இருக்கும். துவரம்பருப்பை மிளகாய், சீரகம், உப்போடு வறுத்து அரைத்த பருப்புப்பொடி மற்றொரு துணை. சுடுசோறும் நெய்யும் இருந்தால் ஒரு வேளை உணவு அதிலேயே முடிந்துவிடும். பச்சரிசி ஒரு பங்குக்குப் பாசிப்பருப்பு மூன்றில் ஒரு பங்கு எடுத்து, நாலரைப் பங்கு நீர் விட்டுக் குக்கரில் குழைய வைத்து, மிளகும் சீரகமும் இஞ்சியும் நெய்யில் தாளித்துக் கொட்டினால் வெண்பொங்கல் அரைமணி நேரத்தில் ஆகிவிடும். பாலும் தயிரும் கலந்த கட்டுச்சோற்று முறை, காலையில் அலுவலகத்துக்குப் புறப்படுவோர்க்கு இன்றும் பொருந்தும்.

ஆனால் இவையனைத்தினும் முதன்மையான ஒன்று உண்டு. மேற்சொன்ன எதுவும் ஆண்மகனால் செய்ய இயலாத வேலையன்று. திருமலை மடைப்பள்ளியில் தலைமுறை தலைமுறையாக அண்டாக்களை இறக்கி வந்தவர்கள் ஆடவர்களே. கோயிலில் புண்ணியமாகக் கருதப்படும் தொழில் வீட்டில் மட்டும் பெண்ணுக்குரிய கடமையாகச் சுருங்குவது எவ்வாறு பொருந்தும்? புளிக்காய்ச்சலைத் தந்தை கிண்ட, பொடியை மகன் அரைக்க, சோற்றைத் தாய் பிசைய, எல்லோரும் ஒருங்கே அமர்ந்து உண்ணும் வீட்டில் அடுக்களை யாருக்கும் வெறுப்பைத் தராது. பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைக் கற்பிக்க முனையும் நாம், ஆண் பெண் என்ற வேறுபாடின்றி ஒரு புளியோதரையையும் ஒரு பொங்கலையும் சேர்த்தே கற்பிப்போமாக. எந்நாட்டில் எந்த அறையில் தங்கினாலும் அவர்கள் பசியோடு உறங்கமாட்டார்கள். தம் பசிக்காக இன்னொருவரை உறக்கத்திலிருந்து எழுப்பவும் மாட்டார்கள்.