உமர் (ரலி) விழித்திருந்த இரவும் நம் வீட்டுக் குழந்தையின் முதல் கவளமும்



சங்கரன்கோவிலை அடுத்த பனவடலிசத்திரம், வழிப்போக்கர் தங்கும் சத்திரத்தைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஊர். இவ்வட்டார வீடுகளில் குழந்தைக்கு ஆறு மாதம் நெருங்கும்போது ஒரு விவாதம் எழுவதைக் காண்கிறோம். கஞ்சி கொடுக்கத் தொடங்குங்கள் என்கிறார் செவிலியர். திருமறை ஈராண்டு பாலூட்டச் சொல்லியிருக்க இப்போதே உணவு எதற்கு என்கிறார் வீட்டின் மூத்தம்மா. கூலி வேலைக்குத் திரும்ப வேண்டிய தாயோ, பாலையே நிறுத்திவிட்டால் என்ன என்று எண்ணுகிறாள். மூவரும் அறிய வேண்டிய நிகழ்வொன்று மதீனாவின் வரலாற்றில் உண்டு. அதுவும் வழிப்போக்கர் தங்கிய இடத்திலேயே நடந்தது.

உமர் (ரலி) அவர்கள் கி.பி. 634 முதல் 644 வரை கலீஃபாவாக இருந்தார்கள். ஓரிரவு வணிகக் கூட்டமொன்று மதீனாவின் தொழுகைத் திடலில் தங்கியது. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுடன் கலீஃபா காவலிருந்தார்கள். ஒரு குழந்தை ஓயாமல் அழுதது. இருமுறை தாயிடம் சென்று, பிள்ளையைக் கவனிக்குமாறு கூறித் திரும்பினார்கள். மூன்றாம் முறை கடிந்துகொண்டபோது, தம்முன் நிற்பவர் யாரென அறியாத அப்பெண் காரணத்தைச் சொன்னார். பால்குடி மறந்த குழந்தைகளுக்கே உமர் உதவித்தொகை வழங்குகிறார். ஆகவே காலம் வருமுன்னரே இவனை மறக்கடிக்க முயல்கிறேன் என்றார்.

அன்றைய ஃபஜ்ர் தொழுகையில் கலீஃபாவின் அழுகையால் அவர்கள் ஓதியது பின்னின்றோருக்கு விளங்கவில்லை. தம் ஆணையால் எத்தனைக் குழந்தைகள் மடிந்தனவோ எனக் கலங்கியவர்கள், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் உதவித்தொகை உண்டு, பால்குடி மறக்கடிக்க அவசரப்படாதீர் என்று அறிவிக்கச் செய்தார்கள். இப்னு ஸஅத் தம் நூலில் இதனைப் பதிவு செய்துள்ளார்.

தாயைக் கடிந்த கலீஃபா, இறுதியில் மாற்றியது தம் ஆணையைத்தான். அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனமும் இதே நீதியைப் போதிக்கிறது. பாலூட்டலை நிறைவு செய்ய விரும்புவோருக்கு ஈராண்டு. அத்தாயின் உணவும் உடையும் தந்தையின் பொறுப்பு. முன்னரே நிறுத்துவதாயின் இருவரும் கலந்தாலோசித்து மனமொப்ப வேண்டும்.

ஈராண்டு பால் என்பது ஈராண்டும் பால் மட்டுமே என்று பொருள்படாது. மருத்துவ மேதை இப்னு சீனா (980-1037), முன்பற்கள் முளைக்கும் பருவத்தில் உணவைச் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும் என்றும், பாலைத் திடுமென நிறுத்தலாகாது என்றும் எழுதினார். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பின்னர் இணை உணவு, அதனோடு ஈராண்டும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பது 2001 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆறு மாதத்திற்குப் பின் குழந்தைக்கு வேண்டிய இரும்புச்சத்தும் ஆற்றலும் பாலில் மட்டும் போதுமான அளவு கிடைப்பதில்லை. எனவே செவிலியர் சொல்வதும் மூத்தம்மா சொல்வதும் ஒன்றோடொன்று முரண்படவில்லை.

நம் மண்ணிலும் இப்பருவத்தைக் கருதிய முயற்சிகள் உண்டு. 1980இல் உலக வங்கியின் உதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை ஏறாதோருக்குத் துணை உணவு அளித்தது. அன்றைய திருநெல்வேலி மாவட்டமும் அதில் அடங்கியிருந்தது. இன்று அங்கன்வாடியில் கிடைக்கும் சத்துமாவு அதே பருவத்துக்கானது. புட்டிப்பாலை விளம்பரம் செய்வதை 1992ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்தது.

ஆயினும், தாயின் கூலியை நம்பியே அடுப்பெரியும் வீட்டில் எச்சட்டமும் பாதியளவே பயன் தரும். அத்தாயை நோக்கி ஈராண்டு பாலூட்டு என்று வசனத்தை மட்டும் ஓதிக் காட்டுவது, காரணம் கேளாமல் கடிந்ததற்கு ஒப்பாகும். கணவர் அவள் செலவை ஏற்கட்டும். அவரால் இயலாவிடில் உறவினரும், அவர்களாலும் இயலாவிடில் ஜமாஅத்தும் முன்வரட்டும். பைத்துல்மால் வைத்திருக்கும் மஹல்லாக்கள், பாலூட்டும் ஏழைத் தாய்மாருக்கென ஒரு பங்கை ஒதுக்குவது உமர் (ரலி) காட்டிய வழியே ஆகும்.

ஆறாம் மாதம் நிறைந்ததும் பிஸ்மில்லாஹ் சொல்லிக் குழைந்த சோற்றை ஊட்டுவோம், பாலையும் தொடர்வோம். நம் அண்டை வீட்டுக் குழந்தை இரவில் அழுதால், தாயைக் குறை கூறுமுன் காரணத்தைக் கேட்போம். அல்லாஹ் நம் சந்ததிகளுக்கு நல்லாரோக்கியத்தை அருள்வானாக. ஆமீன்.