அப்பாவோட மொய் நோட்டு

சம்பா அறுப்பு முடிஞ்சு நெல்லைக் கொள்முதல் நிலையத்துல போட்டாச்சு. தாளடியில தெளிச்ச உளுந்து முளைச்சு நிக்குது. இப்பதான் கையில கொஞ்சம் நேரம். மேசையில பார்த்தா ஏழு கல்யாணப் பத்திரிகை. எங்க தஞ்சாவூர்ப் பக்கம் தை, மாசி வந்தா இப்படித்தான். பத்திரிகை வந்ததும் நான் செய்யுற முதல் வேலை, பீரோவுல இருக்குற மொய் நோட்டை எடுக்கிறது. இவங்க நமக்கு என்ன வச்சாங்க, நாம என்ன வைக்கணும்னு அதுலதான் பார்க்கணும்.

எங்க வீட்டுல மொய் நோட்டு மூணு இருக்கு. 1965 வைகாசியில அப்பா அம்மா கல்யாணத்துல எழுதினது ஒண்ணு. 1990ல என் கல்யாணத்துல எழுதினது ரெண்டாவது. 2013ல என் பொண்ணு கல்யாணத்துல எழுதினது மூணாவது. மூணையும் வரிசையா வச்சுப் பார்த்தா எங்க ஊர் சரித்திரமே அதுக்குள்ள இருக்கு. ராஜராஜசோழன் கதையைச் சொல்ல ஆள் இருக்காங்க. மொய் கதையை யாராவது எழுதணும்ல, அதான் எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லணும். டெல்டாவுல கல்யாணத் தேதியை ஜோசியர் குறிக்கிறதுக்கு முன்னாடியே காவிரி குறிச்சிடும். 1934ல மேட்டூர் அணை வந்த பிறகு ஜூன் 12ல தண்ணி திறக்குறது வழக்கமாச்சு. ஆனியில குறுவை, ஆடியில சம்பாவுக்கு விதை விடுறதுன்னு வேலை ஓடும். இருக்குற காசெல்லாம் விதையிலயும் நடவுக் கூலியிலயும் போயிடும். ஆடியில கல்யாணம் பண்ணக்கூடாதுன்னா, சித்திரை வெயில்ல குழந்தை பிறக்கும்னு காரணம் சொல்லுவாங்க. அது உண்மைதான். ஆனா ஆடியில எவன் கையிலயும் காசு இல்லைங்கிறதும் உண்மை. தையில சம்பா நெல்லு வீட்டுக்கு வந்த பிறகுதான் பந்தக்கால் ஊன முடியும். முளைப்பாலிகையில நவதானியம் விதைச்சு, முளைச்சதும் ஆத்துல கொண்டு விடுவோம். கல்யாண மாலையைப் பத்திரமா வச்சிருந்து ஆடிப்பெருக்கு அன்னிக்கு ஆத்துல விட்டுட்டு, தாலியைப் புதுக் கயித்துல மாத்திக் கட்டுவாங்க. கல்யாணம் ஆத்துல ஆரம்பிச்சு ஆத்துலயே முடியும்.

இப்ப மொய்க்கு வர்றேன். மொய்ங்கிற சொல்லுக்கே கூட்டம், நெருக்கம்னுதான் அர்த்தம். பலாச்சுளையை ஈ மொய்க்குதுங்கிறோம்ல, அதே மொய்தான். கல்யாண வீட்டுல ஊரு கூடி, ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பாரத்தைத் தூக்குறது மொய்.

இது எதுக்கு வேணும்னு யோசிச்சுப் பாருங்க. நெல்லு வருஷத்துல ஒரு தடவையோ ரெண்டு தடவையோதான் வரும். கல்யாணச் செலவு ஒரே நாள்ல வரும். கும்பகோணத்துல 1904லயே பேங்க் ஆரம்பிச்சாச்சு, ஆனா குத்தகைக்கு நாலு மா நிலம் உழுறவன் பொண்ணு கல்யாணத்துக்கு அங்க போயி நிக்க முடியுமா? எல்லா வீட்டுலயும் ஒரே வருஷத்துல கல்யாணம் வராது. இன்னிக்கு உன் வீட்டுல வந்தா நான் போடுறேன், நாலு வருஷம் கழிச்சு என் வீட்டுல வந்தா நீ போடு. வட்டியும் இல்ல, பத்திரமும் இல்ல. ஊர் பார்க்க நோட்டுல எழுதுறதுதான் ஜாமீன்.

அப்பாவோட நோட்டுல முக்கால்வாசி நெல்லுதான். "நெல் 1 கலம்", "நெல் 6 மரக்கால்", "வாழைத்தார் 1", "ரூ.2" இப்படிப் போகுது. பன்னண்டு மரக்கால் ஒரு கலம், ரெண்டு கலம் ஒரு மூட்டை. இந்தக் கணக்கே இப்ப உள்ள பசங்களுக்குத் தெரியாது. 1990ல என் நோட்டுல நெல்லே கிடையாது. 11, 21, 51, கொஞ்சம் வசதியானவங்க 101. பொண்ணு நோட்டுல 500, 1000. சில்லறையா அந்த ஒத்த ரூபா மட்டும் மாறாம வருது. சைபர்ல முடிஞ்சா உறவும் முடிஞ்ச மாதிரின்னு பெரியவங்க சொல்லுவாங்க.

திருப்பிச் செய்யுறதுலயும் முறை இருக்கு. எனக்கு நூறு வச்சவருக்கு நான் சரியா நூறு வச்சா, அவரு முகம் மாறிடும். "கணக்கை முடிச்சுட்டான்"னு அர்த்தம். நூறோட கூட ஒரு நூறு வச்சாத்தான் பழைய மொய் தீர்ந்து புது மொய் நிக்கும். கடன் தீரக்கூடாதுங்கிறதுதான் மொய்யோட கணக்கு. கடன் இருக்குற வரைக்கும் ரெண்டு வீடும் போக்குவரத்தா இருக்கும்.

இந்த மொய் முத்திப் போனதைப் பார்க்கணும்னா பேராவூரணிப் பக்கம் போகணும். அதே தஞ்சாவூர் மாவட்டம்தான், ஆனா நாங்க பழைய ஆத்துப் பாசனம், அவங்க கல்லணைக் கால்வாய்க் கடைமடை. அதை இன்னும் புது ஆறுன்னுதான் சொல்றோம். நெல்லை விட அங்க தென்னை அதிகம். பேராவூரணி, அதை ஒட்டின புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் கல்யாணமே இல்லாம மொய் விருந்து வைக்கிறாங்க. அதுவும் ஆடி, ஆவணியில. ஆடியில கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மா கிடக்கும். பல பேரு சேர்ந்து ஒரே பந்தல்ல கிடா வெட்டிச் சோறு போடுவாங்க. ஆளுக்கொரு மேசையில மொய் எழுதுவாங்க. ஒருத்தர் நாலஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வைக்கலாம்.

எங்க அத்தையை அந்தப் பக்கம்தான் குடுத்திருக்கு. சின்ன வயசுல போனப்ப சாப்பாட்டு ருசிதான் ஞாபகம். போன தடவை போனப்ப பணம் எண்ணுற மிஷின் ஓடுது, கம்ப்யூட்டர்ல ரசீது வருது. 1992ல வந்த சின்னக்கவுண்டர் படத்துல மொய் விருந்தைப் பார்த்தவங்க, கஷ்டப்பட்டவங்களுக்கு ஊர் உதவுறதுன்னு நினைப்பீங்க. இப்ப அது பெரிய வரவு செலவு. அந்தப் பணத்துல கடை வச்சவங்க, போர் போட்டவங்க, புள்ளையைப் படிக்க வச்சவங்க நிறைய பேரு உண்டு. ஆனா 2018 நவம்பர்ல கஜா புயல் தென்னையை எல்லாம் சாய்ச்சப்ப, வாங்கின மொய்யைத் திருப்ப முடியாம தவிச்சவங்களும் உண்டு. காத்துல மரம் சாஞ்சாலும் நோட்டுல எழுதினது சாயாதே.

எனக்கும் அந்தத் தவிப்பு தெரியும். 2012ல மேட்டூர்ல தண்ணி இல்ல. அதுலேர்ந்து 2019 வரைக்கும் எட்டு வருஷம் ஜூன் 12ல அணை திறக்கவே இல்ல. 2012ல குறுவையும் போச்சு, சம்பாவும் கருகிப் போச்சு. பொண்ணுக்கு நிச்சயம் பண்ணியாச்சு, தேதி தள்ளிப் போட மாப்பிள்ளை வீட்டுல ஒத்துக்கலை. 2013 வைகாசியில கையில ஒண்ணுமில்லாமதான் பந்தல் போட்டேன். சமையல்காரருக்கும் பந்தல்காரருக்கும் மறுநாள் காலையில மொய்ப் பணத்துலதான் எண்ணிக் குடுத்தேன். என்னை மாதிரியே சம்பா கருகினவங்கதான் அந்த மொய்யையும் வச்சாங்க. அந்த நோட்டை இன்னும் திருப்பிக்கிட்டுத்தான் இருக்கேன்.

கல்யாணத்துல எத்தனையோ மாறிடுச்சு. முன்னாடி பொண்ணுக்குப் பரிசம் போட்டுக் கட்டிக்கிட்டுப் போன ஜனங்ககூட, பிறகு நகை எத்தனை பவுன், வண்டி என்னன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961லயே வந்துடுச்சு, பேச்சு மட்டும் நிக்கலை. அய்யரு இல்லாம, தலைவரை வச்சு மாலை மாத்திக்கிற சுயமரியாதைக் கல்யாணம் எங்க பக்கம் நிறைய நடந்துச்சு. 1953ல கோர்ட்டு அது செல்லாதுன்னு சொல்லிடுச்சு. அப்பறம் அண்ணா முதலமைச்சரா இருந்தப்ப 1967ல சட்டத்தைத் திருத்தி, முன்னாடி நடந்ததும் சேர்த்துச் செல்லும்னு பண்ணாங்க. அந்தக் கல்யாணத்துலயும் ஹோமகுண்டம்தான் இல்லாம போச்சே தவிர, மொய் மேசை இருந்துச்சு.

1989ல மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பேருல ஏழைப் பொண்ணுங்க கல்யாணத்துக்கு அரசாங்கம் உதவி குடுக்க ஆரம்பிச்சது. மூவலூர் நம்ம மயிலாடுதுறை பக்கம்தான். எட்டாவது படிச்சிருந்தா அஞ்சாயிரம். அந்த ஒரு நிபந்தனையால பொண்ணுங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புன வீடு எங்க ஊர்லயே இருக்கு. 2011ல தாலிக்குத் தங்கம் சேர்ந்துச்சு. 2022லேர்ந்து அதைக் காலேஜு படிக்கிற பொண்ணுங்களுக்கு மாசம் ஆயிரம்னு மாத்திட்டாங்க. அரசாங்கமே எழுதுன மொய்னு நான் சொல்லுவேன். இது திருப்பிச் செய்ய வேண்டாத மொய்.

இனிமே சொல்லப் போறதுதான் இதை எழுத உக்காந்ததுக்குக் காரணம்.

ஒரு நாள் அப்பாவோட நோட்டு பிரிஞ்சு போகுதேன்னு தச்சுக்கிட்டு இருந்தேன். கடைசிப் பக்கத்தைத் தலைகீழாத் திருப்பி, அங்கேர்ந்து தனியா ஒரு பட்டியல் எழுதியிருக்கு. பதினோரு வரி. ஊர், தகப்பனார் பேரு எதுவும் கிடையாது. வெறும் பேரு, பக்கத்துல "ஆள்". "நெல் 1 மரக்கால்", "நெல் 2 மரக்கால்", ஒருத்தர் "சேவல் 1". அம்மாகிட்ட காட்டினேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா யாரு எப்ப என்ன வச்சாங்கன்னு நோட்டை விட நல்லாத் தெரியும். இத்தனைக்கும் மூணு நோட்டுலயும் ஒரு பொம்பளை பேருகூட இல்ல, எல்லாம் புருஷன் பேருலதான்.

"அதா, அதெல்லாம் நம்ம வயல்ல வேலை பார்த்தவங்க வச்சது. கொல்லைப்பக்கமா வந்து குடுத்துட்டு, எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு அங்கேயே உக்காந்து சாப்பிட்டுப் போனாங்க"ன்னு அம்மா சொன்னாங்க.

"திருப்பிச் செஞ்சமா?"

அம்மா கொஞ்ச நேரம் பேசலை. "அவங்க வீட்டு நல்லது கெட்டதுக்கு உங்கப்பா அரிசியும் வேட்டியும் குடுத்து விடுவாரு. நாம அங்க போற வழக்கம் அப்ப இல்லப்பா."

அப்பா நல்ல மனுஷன்தான். ஆனா குடுத்து விட்ட அரிசி மொய் இல்ல. மேல இருந்து கீழ போடுறது தானம். சமமா உக்காந்து, சாப்பிட்டு, நோட்டுல எழுதுறதுதான் மொய். அவங்க நமக்கு மொய் வச்சாங்க, நாம அவங்களுக்குத் தானம் குடுத்தோம். அந்தக் காலத்துல மிராசுதார்கிட்ட கல்யாணத்துக்கு வாங்கின கடனுக்காகவே காலம் பூரா பண்ணையில கிடந்தவங்க உண்டு. 1952ல பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் நினைச்சப்ப ஆளை வெளியேத்துறது ஓரளவுக்கு நின்னுச்சு. அப்படிப்பட்ட வீட்டுலேர்ந்து ரெண்டு மரக்கால் நெல்லுன்னா, அது அவரு வயித்துக்கு வச்சிருந்த நெல்லு. எங்க அப்பாவும் குத்தகைக்காரர்தான், பெரிய மிராசு இல்ல. இருந்தும் கடைசிப் பக்கம், அதுவும் தலைகீழா.

ரெண்டு மரக்கால் வச்சவரோட பேரன் இப்ப டிராக்டர் வச்சிருக்காரு. என் வயலுக்கும் அவர்தான் உழவு ஓட்டுறாரு. போன வருஷம் அவரு பொண்ணுக்குக் கல்யாணம். எனக்கும் பத்திரிகை வச்சாரு. எங்க தெருவுல சில பேரு, வழக்கமாப் பண்ற மாதிரி மண்டப வாசல்ல கவரைக் குடுத்துட்டு வந்துடலாம்னு நின்னாங்க. நான் உள்ள போயி பந்தியில உக்காந்து சாப்பிட்டேன். அப்பறம் மொய் மேசைக்குப் போனேன். எழுதுற பையன் கேட்டான், "பழைய மொய்யா, புது மொய்யா?"

"பழைய மொய்"னேன். அவன் நோட்டை ரெண்டு தடவை புரட்டினான். "உங்க பேரு இல்லைங்களே"ன்னான். எப்படி இருக்கும்? அவரு தாத்தா வச்சது எங்க வீட்டு நோட்டுல இருக்கு, அவங்க வீட்டுல அன்னிக்கு நோட்டே கிடையாது. பின்னாடி நாலஞ்சு பேரு வரிசையில நிக்கிறாங்க. அறுபது வருஷத்துக் கதையை அந்த இடத்துல எப்படிச் சொல்ல? அவன் "புது மொய்"னு எழுதிக்கிட்டான்.

மறுவாரம் உழவுக்கு வந்தப்ப அவரே சொன்னாரு, "அண்ணே, நீங்க வச்சதைப் பார்த்தேன். உங்க வீட்டு விசேஷத்துக்கு நான் செஞ்சுடுறேன்."

கடனைத் தீர்க்கப் போன நான் அவரைக் கடன்காரர் ஆக்கிட்டு வந்திருக்கேன். அந்த நோட்டை எடுத்துக் காட்டிச் சொல்லணும்னு இருக்கேன். அந்தக் கடைசிப் பக்கத்தைக் காட்டக் கூச்சமா இருக்கு, அதனால தள்ளிக்கிட்டே போகுது. இன்னும் பத்து வரி பாக்கி இருக்கு. அதுல நாலு குடும்பம் திருப்பூருக்குப் போயிட்டாங்கன்னு கேள்வி. விசாரிச்சுக்கிட்டு இருக்கேன்.

உங்க வீட்டுலயும் பரண்ல பழைய மொய் நோட்டு இருந்தா, பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுடாதீங்க. அம்மா, அப்பாயி உயிரோட இருக்கும்போதே பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு பேரா கேட்டு வையுங்க. கடைசிப் பக்கத்தையும் திருப்பிப் பாருங்க.

அந்தக் கல்யாணத்துக்குப் போயிட்டு வந்த அன்னிக்கு அம்மா திண்ணையில உக்காந்திருந்தாங்க. எவ்வளவு வச்சேன்னு கேக்கலை. "சாப்பிட்டியா?"ன்னு மட்டும் கேட்டாங்க. "சாப்பிட்டேன்"னேன். தலையை ஆட்டிக்கிட்டாங்க.