கல் பங்களாவின் மூலப்பத்திரம்: ஜான் சலிவனும் தோடர் நிலவுரிமையும்

உதகமண்டலம் அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கும் பழைய கட்டடத்தை ஊர்மக்கள் கல் பங்களா என்றார்கள். ஆங்கிலேயர் ஸ்டோன்ஹவுஸ் என்றார்கள். உதகையில் ஐரோப்பியர் எழுப்பிய முதல் வீடு அது. கட்டியவர் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சலிவன். உதகையின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் இந்த வீட்டை ஒரு தொடக்கப் புள்ளியாகவே பார்த்தார்கள்: வெறும் புல்மேடு இருந்தது, ஒருவர் வந்தார், ஊர் பிறந்தது. வீட்டைவிட அது நிற்கும் மனை முக்கியமானது என்பதும், சலிவன் நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களுக்காக வாதாடியதை அந்த மனையிலிருந்து பிரித்துப் படிக்கக் கூடாது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

சலிவன் 1815இல் கோயம்புத்தூர்ப் பொறுப்பை ஏற்றார். 1819இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லெஷனோவுடன் மலையேறினார். கோத்தகிரிக்கு அருகே திம்பட்டியில் முதலில் தங்குமிடம் அமைத்துக்கொண்டார். உதகையில் கல் பங்களாவின் வேலை 1822இல் தொடங்கியது. அப்போது அங்கே ஏரி இல்லை. ஓடைகளை மறித்துக் கரை கட்டும் பணி 1823இல் தொடங்கி 1825இல்தான் முடிந்தது. ஏரியைப் பார்த்து வீடு கட்டுவது உலக வழக்கம். இவரோ வீட்டைத் தொடங்கிவிட்டு ஏரியை வெட்டினார். இன்று பேருந்து நிலையமும் குதிரைப் பந்தயத் திடலும் இருக்கும் இடமெல்லாம் அன்றைய நீர்ப்பரப்பு. அது சுருங்கிப் போனதால், வீட்டையும் ஏரியையும் ஒரே மனிதரின் ஒரே திட்டமாகப் பார்க்கும் பழக்கமும் நம்மிடம் போய்விட்டது.

அந்தத் திட்டத்துக்கு நிலம் வேண்டும். சலிவன் தோடர்களிடமிருந்து ஏக்கருக்கு ஒரு ரூபாய் வீதம் வாங்கினார். இந்த விலை பலமுறை எடுத்துச் சொல்லப்பட்டிருக்கிறது, பெரும்பாலும் அதன் மலிவைக் காட்டுவதற்காக. மலிவு உண்மைதான். ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது தொகையை அல்ல, கிரயம் என்ற செயலை. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஒருவர் தரிசு நிலம் என்று எழுதிக்கொண்டு எடுத்திருக்க முடியும். சலிவன் விலை கொடுத்தார். விலை கொடுத்ததாலேயே தோடர்களை உடைமையாளர்கள் என்று ஒப்புக்கொண்டார்.

தோடர் பக்கமிருந்து பார்த்தால் கதை வேறு. புல்வெளி அவர்களுக்குக் குலத்தின் பொதுச் சொத்து. எருமையும் பால்மனையும் மந்து என்னும் குடியிருப்பும் அதோடு பிணைந்தவை. மலையில் உழுத படகர்கள் தோடர்களுக்குக் ‘கூடு’ என்னும் தானியப் பங்கை அளந்தார்கள். அது வாரமா, மரியாதையா என்று வெள்ளை அதிகாரிகள் பல ஆண்டுகள் அடித்துக்கொண்டார்கள். ஒருவர் ஒருவருக்கு அறவே விற்றுத் தீர்க்கும் வழக்கம் அந்த ஏற்பாட்டில் இல்லை. வாங்கியவர் கிரயம் என்று கொண்டதை, கொடுத்தவர் தங்கிப் போக இடம் விட்டதாக எண்ணியிருக்கவும் கூடும். அந்த ஒரு ரூபாய்க்குள் இரண்டு நிலச்சட்டங்கள் மோதிக்கொண்டன என்றே எனக்குத் தோன்றுகிறது.

மலையில் சலிவனுக்கு இருந்த நிலத்துக்கு மற்ற ஐரோப்பியர் எல்லாருடையதையும் சேர்த்தாலும் ஈடாகாத நிலை சில ஆண்டுகளில் வந்தது. 1827இல் சென்னை ஆளுநராக வந்த லஷிங்டனுக்கு இது கண்ணை உறுத்தியது. நிலம் அரசுக்கே சொந்தம், தோடர்களுக்கு மேய்ச்சல் பாத்தியதை மட்டுமே என்பது அவர் தரப்பு. சலிவன் தோடர்களுக்கு முழு உரிமை உண்டு என்றார். 1830இல் மலையின் பெரும்பகுதி மலபார் மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. கோயம்புத்தூர் கலெக்டரின் கை அதோடு குறுகியது.

சலிவனைப் பழங்குடியினரின் காவலர் என்பவர்களும் நிலவேட்டைக்காரர் என்பவர்களும் இங்கேதான் பிரிகிறார்கள். இரண்டும் ஒரே பத்திரத்தின் இரு பக்கங்கள் என்பேன். விற்றவருக்கு உரிமை இல்லையென்றால் வாங்கியவரின் கிரயம் செல்லாது. தோடர் உரிமை நின்றால் கல் பங்களாவின் பட்டாவும் நிற்கும். நிலம் புறம்போக்கானால் கலெக்டரும் ஆக்கிரமிப்பாளரே. அவர் வாதாடியது தோடர்களுக்காக; காப்பாற்றியது தன் மூலப்பத்திரத்தையும்.

இதை வெறும் சுயநலம் என்று முடித்துவிடவும் முடியாது. 1841இல் இங்கிலாந்து திரும்பிய பிறகும், கம்பெனியின் ஆட்சி இந்தியச் செல்வத்தை உறிஞ்சுகிறது என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். சுதேச மன்னர்களோடு செய்த ஒப்பந்தங்களைக் கம்பெனி மதிக்க வேண்டும் என்று 1853இல் நூல் வெளியிட்டார். அதில் அவருக்கு ஒரு சென்ட் நிலமும் கிடைக்கப்போவதில்லை. ஏற்கெனவே இருந்த உரிமையைப் புதிய அரசு அழிக்கக் கூடாது என்ற கொள்கை அவருக்கு உண்மையிலேயே இருந்தது. மலையில் அந்தக் கொள்கை அவருக்கு வாடகையும் தந்தது.

நிலவுரிமைச் சர்ச்சையின் முடிவு 1843இல் லண்டனிலிருந்து வந்தது: தோடர்களுக்கு மேய்ச்சல் பாத்தியதைதான், உடைமை இல்லை. அதே ஆண்டில் மலை மீண்டும் கோயம்புத்தூரோடு சேர்ந்தது. தோடர் உடையவர்கள் என்ற நம்பிக்கையின் மேல் எழுந்த கல் பங்களா, பின்னாளில் அதை மறுத்த அரசின் கோடைக்கால அலுவலகமானது.