ஸ்நாப் வேலை நிபந்தனை

அமெரிக்காவில் வருமானம் குறைந்தோர் மளிகை வாங்க அரசு தரும் உதவியே ‘ஸ்நாப்’. 2008 வரை அதன் பெயர் ‘ஃபுட் ஸ்டாம்ப்’. மாதந்தோறும் ஒரு மின்னணு அட்டையில் தொகை ஏறும்.

1996இல் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட நலத்திட்டச் சட்டம் இதற்கு ஒரு கடிவாளம் போட்டது. உடல்திடம் உள்ள, பிள்ளை வளர்க்கும் பொறுப்பு இல்லாத 18 முதல் 49 வயது வரையிலானோர் மாதம் 80 மணி நேரம் வேலை, பயிற்சி அல்லது தன்னார்வப் பணி செய்ததாகக் காட்ட வேண்டும் என்றது. காட்டாவிட்டால் மூன்று ஆண்டுகளில் மூன்று மாதங்களுக்கு மட்டுமே உதவி. வேலையின்மை மிகுந்த பகுதிகளுக்கு மாநிலங்கள் விலக்குக் கோரலாம்.

2023இல் வயது வரம்பைப் படிப்படியாக 54 ஆக்கிய சட்டம், முன்னாள் படைவீரர்களுக்கும் வீடற்றோருக்கும் விலக்களித்தது. 2025இன் சட்டம் அந்த விலக்குகளைப் பறித்து, வரம்பை 64 ஆக உயர்த்தியது. கடைசிப் பிள்ளைக்கு 14 வயதாகிவிட்ட பெற்றோரையும் உள்ளே இழுத்தது.

நிபந்தனை வேலையைப் பெருக்குகிறதா? வர்ஜீனியா மாநிலத் தரவுகளை அலசிய பொருளியலாளர்கள், அதற்கு ஆட்பட்டோரில் உதவி பெறுவோர் பாதிக்கு மேல் குறைந்ததையும், வேலைவாய்ப்பு கூடியதற்குத் தெளிவான சான்று இல்லாததையும் கண்டனர். வீடற்றோரே அதிகம் உதவியை இழந்தனர். பசித்தவரிடமிருந்து உணவைப் பறித்ததுதான் இதில் உறுதியான விளைவு. வாரத்துக்கு வாரம் வேலை நேரம் மாறும் உணவகத் தொழிலாளிக்கு 80 மணிக் கணக்கை மாதாமாதம் நிரூபிப்பதே பெரும்பாடு.