கணை பிறந்த கதை

வில்லைக் கண்டோர் அதன் வளைவை வியப்பர். நாணின் ஒலியைப் புகழ்வர். எனினும், இலக்கிற் சென்று தைப்பது கணையே. கோல், முனை, இறகு, நாணிற் பொருந்தும் குதை என்னும் நான்கும் ஒன்றற்கொன்று இயைந்தாலன்றிக் கணை நேரே செல்லாது. முனை ஊறு செய்யும். இறகு காற்றைப் பற்றிப் பின்புறத்தை நேர்நிறுத்தும். கோல் மிக விறைப்பாயினும் தீது. மிகத் துவள்வதாயினும் தீது. நாணை விட்டு நீங்குங் கணத்தில் அது சிறிது வளைந்து வில்லைக் கடந்து, பின் நிமிர்ந்து பறத்தல் வேண்டும்.

இந்நுட்பத்தை மனிதன் எக்காலத்திற் கற்றான்? கோலும் இறகும் மட்கிவிடுமாதலின், பெரும்பாலும் கல்லும் எலும்புமே சான்று பகர்கின்றன. தென்னாபிரிக்காவின் சிபுடு குகையிற் கிடைத்த, ஏறக்குறைய 64,000 ஆண்டுப் பழைமையுடைய சிறு கல்முனைகளை அம்புமுனைகள் என ஆய்வாளர் கருதுவர். இலங்கையிலும், களுத்துறை மாவட்டத்துப் பாகியன் குகையில், ஏறக்குறைய 48,000 ஆண்டுப் பழைமையுடைய எலும்புமுனைகள் கிடைத்துள்ளன. மழைக்காட்டின் மரக்கிளைகளில் தாவித் திரியும் குரங்கையும் அணிலையும் வேட்டையாட இவை உதவின என்று 2020 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று கூறிற்று. அத்தகைய சிறு விலங்கைக் கைவேலால் வீழ்த்துதல் அரிது. காட்டின் இயல்பே கணையின் தேவையை உணர்த்தியது போலும்.

மரக்கோல்கள் மண்ணில் நிலைத்தமையும் உண்டு. ஜேர்மனியில் ஹம்பேர்க் நகருக்கு அணித்தான ஸ்டெல்மூரில், 1930களில் அல்பிரட் ருஸ்ற் என்பார் பைன்மரக் கணைகளை அகழ்ந்தெடுத்தார். அவற்றுட் சில, முன்கோலும் பின்கோலும் பொருத்தப்பெற்றவை. ஏறக்குறைய 11,000 ஆண்டுகள் சேற்றிற் பிழைத்த அக்கணைகள், இரண்டாம் உலகப்போரில் அழிந்தொழிந்தன.

1991 ஆம் ஆண்டில் ஆல்ப்ஸ் மலைப் பனியிலே, ஏறக்குறைய 5,300 ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒருவனின் உடல் வெளிப்பட்டது. ஏட்சி எனப் பெயர்பெற்ற அவனது தூணியில் 14 கோல்கள் இருந்தன. அவற்றுள் முற்றுப்பெற்றவை இரண்டே. அவற்றின் தீக்கல் முனைகள் பூர்ச்சமரத் தாரினால் ஒட்டப்பட்டு, நூலாற் சுற்றப்பட்டிருந்தன; பின்புறத்தே மும்மூன்று இறகுகள் அமைந்திருந்தன. வில்லும் செதுக்கி முடிந்ததன்று.

பத்தாண்டு கழித்து, 2001 இல், ஊடுகதிர்ப் படம் மற்றோர் உண்மையைக் காட்டிற்று. அவனது இடத் தோளினுள்ளே தீக்கல் அம்புமுனை ஒன்று தைத்திருந்தது. கணை செய்யக் கற்றவன் கணையாலேயே மாண்டான். உணவு தேடப் பிறந்த கருவி, மனிதன்மேலும் திரும்பி நெடுங்காலமாயிற்று என்பதற்கு அத்தோளே சான்று.