வேண்டும், விசுவசிக்கிறேன், நம்புகிறேன்

மனிதன் ஒரு பொருளை அறிந்தபின் அதற்குச் சொல்லைத் தேடுகிறானா, சொல்லைப் பெற்றபின் பொருளை அறிகிறானா? மெய்யியலார் நெடுங்காலமாக ஆய்ந்துவரும் இவ்வினா, ஒருமுறை நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையிலும் எழுந்தது.

1542ஆம் ஆண்டின் இறுதியில் புனித பிரான்சிஸ் சவேரியார் அக்கரைக்கு வந்தார். பரதவ மக்கள் சில ஆண்டுகளுக்கு முன்பே திருமுழுக்குப் பெற்றிருந்தனர். ஆனால் மறையைக் கற்பிப்பார் இலர். அவருடைய தாய்மொழி பாஸ்கு; மக்களின் மொழி தமிழ். இருமொழி அறிந்தோரைக் கூட்டிப் பல நாள் அரிதின் முயன்று விசுவாச மந்திரம், கட்டளைகள், பரலோக மந்திரம் முதலியவற்றைத் தமிழாக்கினார். அவற்றை மனப்பாடம் செய்து, கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று மக்களைத் திரட்டினார். விசுவாச மந்திரத்தின் ஒவ்வொரு பகுதியையும் சொல்லி, “இதை ஏற்கிறீர்களா?” என வினவுவார். மக்கள் கைகளை மார்பின்மேல் குறுக்காக வைத்து ஒரே குரலில் விடையளிப்பர். 1544 சனவரியில் எழுதிய மடலில் அவரே இதனை விவரிக்கிறார்.

அதே ஆண்டில், உடன் உழைத்த பிரான்சிஸ்கோ மான்சிலாசுக்கு எழுதிய மற்றொரு மடலில் ஒரு திருத்தம் காணப்படுகிறது. விசுவாச மந்திரத்தில் ‘எனக்கு வேண்டும்’ என்று சொல்லிவருவதை நிறுத்தி, ‘விசுவசிக்கிறேன்’ எனும் பொருள்பட மாற்றிச் சொல்லுமாறு பணிக்கிறார். ‘வேண்டும்’ என்பது விருப்பத்தைக் குறிக்குமேயன்றி விசுவாசத்தைக் குறிக்காது என்பதை அவர் அதற்குள் உணர்ந்திருந்தார்.

அத்தனை நாளும் அம்மக்கள் சொன்னது என்ன?

மொழிபெயர்த்தோரைப் பழிப்பதற்கில்லை. வலை, தோணி, முத்து ஆகியவற்றைக் கையால் சுட்டிக் காட்டிச் சொல்லைக் கற்பிக்கலாம். விசுவாசத்தை அவ்வாறு சுட்டிக் காட்டுதல் இயலாது. சுட்ட இயலாத ஒன்றை அறிய முற்படும் மனம், தான் முன்னரே அறிந்த ஒன்றைப் பற்றிக்கொண்டுதான் ஏறுகிறது. இறைவனை ‘வேண்டுதல்’ தமிழர் நன்கறிந்த ஒன்று. ஆகவே அச்சொல் முழுப் பிழையன்று, பாதி வழி. விருப்பம் என் குறையிலிருந்து எழுவது. விசுவாசமோ மற்றொருவருடைய சொல்லின்மேல் என்னையே வைப்பது. அந்த எஞ்சிய பாதியைத்தான் அம்மக்கள் கற்க வேண்டியிருந்தது.

அதைச் சொல் மட்டுமே கற்பித்திருக்க முடியாது. 1544 சூன் திங்களில் வடுகர் படை குமரிமுனைப் பகுதியைத் தாக்கியது. கிறிஸ்தவர்கள் கடற்பாறைகளில் ஒதுங்கிப் பசியாலும் தாகத்தாலும் மடிந்தனர். சவேரியார் 20 தோணிகளுடன் மணப்பாட்டிலிருந்து உதவிக்குப் புறப்பட்டார். எதிர்க்காற்று வழியை மறித்தது. எனினும் அவர் முயற்சியைக் கைவிடவில்லை. தமக்காக ஒருவர் காற்றோடு போராடியதைக் கேட்டறிந்தோர்க்கு, ஒருவர்மேல் நம்மை வைப்பது எத்தகையது என்பது எந்த அகராதியினும் தெளிவாக விளங்கியிருக்கும்.

உள்ளத்தில் நாம் பேசும் சொல் கிரேக்கமும் அன்று, இலத்தீனும் அன்று, எம்மொழியும் அன்று என்று புனித அகுஸ்தீனார் மூவொரு இறைவனைப் பற்றிய தம் நூலில் கூறுகிறார். ஒலி அதன் உடை மட்டுமே. ஆயினும் உடை பொருந்தாவிடில் நடை தடுமாறும். அதனாலன்றோ அண்டிறீக்கு அடிகளார் தமிழை முறையாகக் கற்று, இலக்கணமும் எழுதி, 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ நூலை அச்சேற்றினார்!

சொல்லின் பயணம் அத்துடன் முடியவில்லை. நம் முன்னோர் ‘விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம்’ என மூன்று புண்ணியங்களைக் கற்றனர். 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் அவை ‘நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு’ ஆயின. இரண்டாம் இடத்திலிருந்த ‘நம்பிக்கை’ முதலிடத்திற்கு வந்தது. அது விட்ட இடத்தை ‘எதிர்நோக்கு’ நிரப்பியது. சொல் ஒன்றே, அதற்குள் நம் மனம் வைக்கும் பொருள் இடம் மாறிவிட்டது.

இன்றும் திருப்பலியில் பாட்டியின் வாய் பழக்கத்தால் ‘விசுவசிக்கிறேன்’ என்கிறது; அருகில் நிற்கும் பெயரன் ‘நம்புகிறேன்’ என்கிறான். இருவரும் ஒன்றையே சொல்கின்றனரா? அதற்கு விடை அவர்தம் உதடுகளில் இல்லை; ஆலயத்தை விட்டு வெளியேறியபின், யார் சொல்லின்மேல் அவர்கள் தங்களை வைக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. ‘வேண்டும்’ என்று சொல்லி மார்பின்மேல் கை குறுக்கி நின்றவர்களையும் அந்த அளவுகோலால் அளப்பதே முறை.