பூசாரி இல்லாத சிலைகள்

நம் புத்தூரில் ரயிலேறி, சென்னை சென்ட்ரலில் இறங்கி, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் எழும்பூர்ப் பக்கமாக நடந்தால் செங்கல் கட்டடங்களோடு அரசு கவின்கலைக் கல்லூரி வரும். 1850-இல் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய ஓவியப் பள்ளி இது. இங்கே படித்த ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர் தமிழர் அல்லர், தெலுங்கரும் அல்லர். கேரளத்துச் சிற்பி கானாயி குஞ்ஞிராமன். நம் சங்க மலரில் இவருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். காரணம் என் மாமியார்.

சில வருஷங்களுக்கு முன் குடும்பத்தோடு பாலக்காடு போனபோது மலம்புழை அணைத் தோட்டத்தைப் பார்க்கப் போனோம். அங்கே கானாயியின் 'யட்சி' உட்கார்ந்திருக்கிறாள். முப்பதடி உயரம், கான்கிரீட். கால்களை விரித்து, கைகளைத் தலைமுடிக்குள் விட்டு, வானத்தைப் பார்த்தபடி, உடம்பில் துணியில்லாமல். நான் குழந்தைகளை ஐஸ்கிரீம் பக்கம் திருப்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மாமியார் அசரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது எந்த அம்மன் மாப்பிள்ளை? ஒரு புடவைகூடச் சாத்தலையே, பூசாரி எங்க போனான்?"

அன்றைக்குச் சிரித்தேன். பிறகு இவரைப் பற்றிப் படிக்கப் படிக்க, அந்தக் கேள்வி அவ்வளவு சாதாரணமானதில்லை என்று பட்டது.

கானாயி 1937-இல் இன்றைய காசர்கோடு மாவட்டத்தில் குட்டமத்து என்ற ஊரில் பிறந்தவர். அப்போது அந்தப் பகுதியும் சென்னை மாகாணம்தான், நம் சித்தூர்ச் சீமையைப் போலவே. நாம் 1953-இல் ஆந்திரத்துக்குப் போனோம், அவர்கள் 1956-இல் கேரளத்துக்குப் போனார்கள். மலம்புழை அணையே சென்னை ராஜ்யம் கட்டி 1955-இல் முடித்ததுதான். ஆகவே ஓவியம் சிற்பம் படிக்க ஆசைப்பட்ட மலையாளப் பையன் சென்னைக்கு வந்ததில் வியப்பில்லை.

அவர் படித்த காலம் அந்தப் பள்ளி திசை மாறிக்கொண்டிருந்த காலம். 1929 முதல் 1957 வரை தலைவராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி நரம்பும் தசையும் புடைத்துத் தெரிய உருவம் செய்பவர். மெரினாவில் 1959-இல் வைத்த உழைப்பாளர் சிலை அவருடையது. அவருக்குப் பின் வந்த கே.சி.எஸ். பணிக்கர், ஐரோப்பாவைப் பார்த்து எழுதாமல் நம் மண்ணிலிருந்தே புதிய வடிவம் எடுக்க முடியுமா என்று மாணவர்களைத் தேட வைத்தார். 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவானதும் அந்தத் தேடலின் தொடர்ச்சிதான்.

1965-இல் காமன்வெல்த் உதவித்தொகையில் லண்டன் ஸ்லேட் பள்ளிக்குப் போனார் கானாயி. அங்கே அவருடைய ஆசிரியர் ரெக் பட்லர். இந்தப் பட்லர் கதையையும் சொல்ல வேண்டும். 'பெயர் அறியாத அரசியல் கைதி'க்கு நினைவுச் சின்னம் அமைக்க நடந்த பன்னாட்டுப் போட்டியில், மனித முகமே இல்லாத ஒரு கம்பிக் கோபுரத்தை வடிவமைத்து 1953-இல் முதல் பரிசு வாங்கியவர். பரிசு பெற்ற மாதிரி டேட் காட்சிக்கூடத்தில் இருந்தபோது பார்க்க வந்த ஒருவர் அதை உடைத்துவிட்டார். பெர்லினில் எழ வேண்டிய கோபுரம் கடைசிவரை எழவில்லை. பொது இடத்துச் சிற்பம் என்றால் இதெல்லாம் உண்டு என்று சீடருக்கு அங்கேயே தெரிந்திருக்கும்.

திரும்பி வந்து 1969-இல் யட்சியை முடித்தார். வேலை நடக்கும்போதே கடும் எதிர்ப்பு. நிர்வாணம் ஆபாசம் என்றார்கள். அவர் விடவில்லை. பிறகு கொச்சியில் பெருநகர வளர்ச்சிக் குழும அலுவலகத்தில் 'முக்கோலப் பெருமாள்'. பெயர்தான் பெருமாள், சங்கு சக்கரம் தேடினால் கிடைக்காது, அரூபமான வடிவங்கள்தான். திருவனந்தபுரம் வேளியில் ஒரு பெரிய சங்கு. கண்ணூர் பய்யாம்பலம் கடற்கரையில் தாயும் சேயும். சங்குமுகத்தில் 87 அடி நீளமுள்ள 'சாகரகன்யகை'. 1990-இல் தொடங்கிய அந்த வேலையையும் ஆபாசம் என்று நடுவில் நிறுத்தச் சொன்னார்கள். முதல்வர் கருணாகரன் தலையிட்ட பிறகு 1992-இல் முடிந்தது.

இவையெல்லாம் வார்ப்பு வெண்கலம் அல்ல. இரும்புக் கம்பியைக் கட்டி, அதன்மேல் சிமெண்டைப் பூசிப் பூசி வளர்ப்பது. 'புத்தூர் கட்டு'க்காரர்களான நமக்கு இதைச் சுலபமாக விளங்க வைக்கலாம்: உள்ளே இருக்கிற கம்பிதான் எலும்பு. கடற்கரையில் உப்புக் காற்று விரிசல் வழியாக உள்ளே போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால் மேலே உள்ள சிமெண்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். வருஷா வருஷம் யாராவது பார்த்துச் சரி செய்துகொண்டே இருக்க வேண்டும்.

அந்த 'யாராவது' யார்? இங்கேதான் மாமியார் கேள்வி வருகிறது.

அரூபம் நமக்குப் புதிதே அல்ல. சைவர்கள் லிங்கத்தை அருவுருவம் என்கிறார்கள். உருவமும்தான், உருவமில்லாததும்தான். நம் பக்கத்துக் குடிமல்லத்துக்குப் போய்ப் பாருங்கள். கிறிஸ்துவுக்கு முற்பட்டது என்று அறிஞர் பலர் சொல்லும் அந்த ஐந்தடி லிங்கத்தில், வெறும் வடிவமான தூணோடு சேர்ந்து சிவன் நிற்கிறார். அது இத்தனை நூற்றாண்டு தாண்டி வந்ததற்குக் கல்லின் உறுதி மட்டும் காரணமல்ல. யாரோ விளக்கேற்றினார்கள், யாரோ நிலம் எழுதி வைத்தார்கள், அதைத் தமிழில் கல்வெட்டாகவும் வெட்டினார்கள். வயல் வரப்பில் மஞ்சள் பூசிய நட்ட கல்லுக்குக்கூட ஒரு குடும்பம் பொறுப்பு.

கானாயியின் சிலைகளுக்கு அப்படி யாரும் கிடையாது. அவரும் அதை விரும்பியவரல்லர். கும்பிடாமல் பார்க்க வேண்டிய சிலை இது என்பதுதான் அவருடைய கட்சி. நியாயம்தான். ஆனால் கும்பிடாத சிலை அரசாங்கத்தின் தோட்டத் துறைக்கும் சுற்றுலாத் துறைக்கும் வெறும் இடம் அடைக்கிற பொருளாகிவிடுகிறது. 2020-இல் சாகரகன்யகைக்குப் பக்கத்திலேயே பழைய விமானப்படை ஹெலிகாப்டர் ஒன்றைக் காட்சிக்கு நிறுத்தினார்கள். கடலையும் மணலையும் வானத்தையும் சேர்த்துப் பார்க்கும்படி அமைத்த சிற்பத்துக்கு அருகே ஹெலிகாப்டர்! சிற்பி கொதித்துப் போனார். கோயில் கருவறைக்கு முன்னால் யாராவது இப்படிச் செய்வார்களா?

என்னைக் கேட்டால், பூசை இல்லாமல் காப்பாற்றத் தெரிந்துகொள்வது நமக்கு இன்னும் கைவரவில்லை. சிலையின் மேல் ஏறிப் படம் எடுப்பவர்களைத் திட்டுகிறோம். பராமரிப்புக்கு வருடாந்தரத் தொகை ஒதுக்கச் சொல்லி யாரும் மனுக் கொடுப்பதில்லை. நானும் கொடுத்ததில்லை.

கேரள அரசு 2005-இல் இவருக்கு ராஜா ரவிவர்மா விருது கொடுத்தது. 2022-இல் 'கேரளஸ்ரீ' விருதை அறிவித்தது. சங்குமுகம், வேளி, பய்யாம்பலம் மூன்று இடத்திலும் தன் சிற்பங்களைச் சிதைத்திருக்கிறார்கள், அதைச் சரி செய்யாமல் எனக்கு விருது எதற்கு என்று சொல்லி வாங்க மறுத்துவிட்டார்.

திருப்பதி வழியாகக் கேரளம் போகிற ரயில்கள் பாலக்காட்டில் நிற்கும். அங்கிருந்து மலம்புழை பத்துக் கிலோமீட்டர்தான், பஸ் உண்டு. குருவாயூருக்கோ சபரிமலைக்கோ போகும்போது அரைநாள் ஒதுக்கி இறங்கிப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துப் போங்கள்.